மேட்டு வேலை

பாலகுரு மண்வெட்டியால் இரண்டே அள்ளலில் சட்டியை நிரப்பினான். வாரிக் குவித்த உப்பில் இன்னும் ஈரம் வடியவில்லை. மலர்கொடி ஒரு பக்கம் பிடிக்க, பாக்கியலட்சுமி குனிந்து மறுபக்கம் பிடித்துத் தலைக்கு ஏற்றினாள். ஏற்றிய கணத்தில் அடிவயிற்றிலிருந்து குபுக்கென்று இறங்கியது. தொடைகளை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். சும்மாட்டில் ஊறிய உப்புத்தண்ணீர் நெற்றி வழியாகக் கண்ணுக்குள் போனது.

"நடடி. பின்னால சட்டியோட நிக்கறாங்க பாரு," என்றாள் மலர்கொடி.

பாக்கியம் நடந்தாள். வரப்பு ஒரு ஆள் கால் வைக்கிற அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்திகளில் உப்பு பூத்து வெளேரென்று கிடந்தது. வைகாசி வெயில் ஏழு மணிக்கே முதுகில் ஏறிவிட்டது. புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். உள்ளே கறுப்புப் பாவாடை, அதற்குள் மூன்றாக மடித்த துணி, அதற்குமேல் இன்னொரு துணி. விடியற்காலை நாலரைக்கு வைத்தது. இப்போதே தொப்பலாக நனைந்து தொடையை அறுத்துக்கொண்டிருந்தது. அறுத்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படியிருக்கும் என்பதை அந்த உப்பளத்தில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மேட்டில் உப்பு அம்பாரத்தின் மேல் சட்டியைக் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்த டாக்டர் சீட்டு நனையாமல் இருந்தது. டீ நேரத்தில் மேஸ்திரியிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்து, மாதத்தில் நாலு நாள் மேட்டு வேலை கேட்க வேண்டும். கிடைத்தால் பிழைத்தாள். கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று அவள் யோசித்து வைக்கவில்லை.

காலிச் சட்டியோடு திரும்பும்போது மலர்கொடியிடம் சொன்னாள். "அக்கா, இன்னிக்கிக் கேட்டுடலாம்னு இருக்கேன். நீயும் ஒரு வார்த்த சேத்துச் சொல்லு. உன் பேச்சுன்னா மேஸ்திரி கேப்பாரு."

"கேளேன். நான் வேணாம்னா சொன்னேன்?" என்றாள் மலர்கொடி. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேட்டு வேலை என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து கோணி ஊசியால் மூட்டை தைப்பது, கீற்று முடைவது, மழை வரும்போல் இருந்தால் தார்ப்பாய் இழுத்து மூடுவது. தூரமான பெண் பாத்தியில் இறங்கினால் உப்பு பூக்காது, பூத்ததும் கறுத்துப்போகும் என்று அந்தப் பக்கத்தில் வெகுகாலமாக ஒரு நம்பிக்கை. அதனால் காலையில் கொட்டகைக்கு வந்து, "நான் மேட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் போதும், ஏன் எதற்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். கூலியும் அதே கூலி. உப்பைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு என்று ஆண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அதை மறுத்து ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. மாதத்தில் நாலு நாள் தலையில் பாரமில்லாமல் உட்கார யாருக்குத்தான் கசக்கும்?

அந்த ஏற்பாட்டைத் தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் பாக்கியத்துக்கு இன்றுவரை ஆறவில்லை.

போன ஐப்பசியில், மழைக்காக உப்பளம் மூடிக் கிடந்த நாளில், முதலாளி செல்லப்பன் கொட்டகையில் ஒரு முகாம் வைத்தார். வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. அதற்குள்ளேயே கட்டில், திரை, விளக்கு எல்லாம் இருந்தன. கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி மாதிரி மருந்து வைத்த ஒரு காயிலைப் பொருத்தினால் அஞ்சு வருஷத்துக்கு உதிரப்போக்கும் வலியும் இருக்காது, காசு ஒரு பைசா வேண்டாம் என்றார்கள். பாக்கியத்துக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட நாளிலிருந்தே மாதம் ஏழெட்டு நாள் கொட்டித் தீர்க்கும். அப்படியும் அவள் முதலில் நம்பவில்லை. மைக்கைப் பிடித்து மலர்கொடி பேசியபோதுதான் நம்பினாள்.

மலர்கொடி ஒரே தெரு. பாக்கியம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா. முதல் பிரசவத்துக்கு நடுராத்திரியில் ஆட்டோ பிடித்துக் கூட வந்தவள். அவளுக்கு முதலாளி வீட்டம்மா ஏற்பாட்டில் முந்தின வருஷமே அந்தக் காயிலை வைத்தாகிவிட்டது. "நான் சொல்றேன் கேளுங்க. எனக்குச் சுத்தமா நின்னுடுச்சி. துணியும் இல்ல, தொந்தரவும் இல்ல. புதுப் பொறப்பு மாதிரி இருக்குது," என்று மைக்கில் சொன்னாள். பெண்கள் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். பதிமூன்று பேர் வரிசையில் நின்றார்கள். வண்டியை விட்டு இறங்கிய ஒவ்வொருத்திக்கும் ஒரு கிளிப்பச்சைப் புடவை கொடுத்தார்கள். மைக்கில் பேசியதற்காக மலர்கொடிக்கு மட்டும் அதே பச்சையில் ஜரிகைக் கரை போட்டது.

தை பிறந்து உப்பளம் திறந்த அன்று மேஸ்திரி கலியமூர்த்தி பெண்களை வரிசையாக நிற்கவைத்து, "நின்னுடுச்சா?" என்று கேட்டார். மேட்டுக்கு மூட்டை தைக்கிற மிஷின் வந்துவிட்டது, இரண்டு ஆண்கள் போதும், இனிமேல் தூரம் என்று சொல்கிறவளுக்கு வேலை கிடையாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். பாக்கியத்துக்கு நிற்கவில்லை. மார்கழி முழுக்க விட்டுவிட்டுப் பட்டுக்கொண்டே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மலர்கொடி வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதிருந்தாள்.

"உனக்குப் போகப் போக நிக்கும்டி. இப்ப நின்னுடுச்சின்னே சொல்லிடு. இல்லன்னா பேர அடிச்சிடுவான்," என்று தலையைத் தடவிச் சொன்னவளும் மலர்கொடிதான்.

"நின்னுடுச்சிங்க," என்றாள் பாக்கியம். அவளுக்கு முன்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள், பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். எல்லாருக்கும் நின்றுவிட்டது, தன் வயிறு மட்டும்தான் பாவம் பண்ணிய வயிறு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த மாதமே மலர்கொடியை, சட்டி சுமந்துகொண்டே பெண்களை மேய்க்கிற கங்காணி ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு நாலு மாதம் திருட்டுப் பிழைப்பு. தூரத்தோடு பாத்தியில் இறங்கும்போதெல்லாம் மனசுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாள். துணி மாற்ற வேண்டுமென்றால் மற்றவர்கள் ஒதுங்குகிற முள்காட்டுப் பக்கம் போக மாட்டாள். வெளிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரை மைல் நடந்து கால்வாய்க் கரைக்குப் போவாள். கழுவிக் காயவைக்க நல்ல தண்ணீர் ஏது? முகாமில் கொடுத்த புடவையைத்தான் கிழித்து வைத்திருந்தாள். ஒரு சலவைக்கே சாயம் போன புடவை, வேறெதற்கும் உதவாது. நனைந்த துண்டை மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வருவாள். சித்திரையில் திடீரென்று மழை கொட்டி நாலு பாத்தி உப்பு கரைந்து போனபோது, எல்லாரும் வானத்தைத் திட்டினார்கள். பாக்கியம் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

திங்கட்கிழமை டவுனுக்குப் போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துவிட்டு, "காயில் இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. உன் கர்ப்பப்பைதான் வீங்கி, சுவர் தடிச்சுப் போயிருக்கு. வைக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வண்டியில ஏறினோம், வச்சாங்க, எறங்கிட்டோம்."

"மறுபடி பரிசோதனைக்குக் கூப்பிட்டாங்களா?"

"கார்டு குடுத்தாங்க. வண்டி திரும்பி வரலீங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இது நல்ல சாதனம்தாம்மா. நிறைய பேருக்குக் குறையுது, சிலருக்கு நின்னே போகுது. ஆனா எல்லாருக்கும் நிக்கும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. ரத்தம் ஏழுதான் இருக்கு உனக்கு. மாத்திரை எழுதித் தர்றேன். அடுத்த மாசம் வா, மேல என்ன செய்யலாம்னு பாப்போம். அதுவரைக்கும் தலையில பாரம் தூக்காத." அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் புருஷன் சிவஞானம் அந்த ஸ்கேன் படத்தைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஆரோவில்லில் தோட்ட வேலை. தினம் மொபெட்டில் போய் வருகிறவன், கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அன்றைக்கு அவன் வாயில் அதுதான் வந்தது. "மலருக்கு நின்னுடுச்சாம், செல்லம்மாவுக்கு நின்னுடுச்சாம். உனக்கு மட்டும் உள்ள தனியா டேங்க்கு கட்டி வச்சிருக்குதா? என்னக் கிட்ட சேக்காம இருக்கறதுக்கு இது ஒரு சாக்கு." ஊரே ஒரு பக்கம் நின்று சத்தியம் பண்ணும்போது ஒருத்தி இன்னொரு பக்கம் நின்று என்ன சொல்லிவிட முடியும்?

டீ வந்தது. எல்லாரும் கொட்டகை நிழலுக்கு வந்து பேப்பர் கப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கலியமூர்த்தி பிளாஸ்டிக் நாற்காலியில் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். பாக்கியம் சீட்டை நீட்டினாள்.

"இன்னாது இது, இங்கிலீஷ்ல இருக்குது?"

"பாரம் தூக்கக்கூடாதுன்னு எழுதியிருக்காங்கண்ணே. அந்த நாலு நாளைக்கு மட்டும் எனக்கு மேட்டு வேல குடுங்க. மூட்ட தைக்க வேணாம்னா, கூட்டிப் பெருக்கறேன். கீத்து முடையறேன்."

"எந்த நாலு நாளு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அந்த நாளுதாண்ணே."

"உனக்குத்தான் நின்னுடுச்சே! தையில நான் கேக்கசொல்ல நீதான சொன்ன?"

"அப்ப சொன்னேண்ணே. நிக்கல. நின்ன மாதிரியே இல்ல. போன தடவை பத்து நாளு."

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்றவர் செல்போனை மடியில் வைத்தார். ஏதோ அப்போதுதான் உறைத்ததுபோல் அவர் முகம் மாறியது. "இரு, இரு. அப்போ இம்மா நாளா தூரத்தோடவா பாத்தியில எறங்கிக்கினு இருந்த?"

டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது. பாலகுரு கப்பைக் கீழே வைத்தான். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"சித்திரையில நாலு பாத்தி கரைஞ்சிது. எங்கடா தப்பு நடந்துதுன்னு முதலாளி என்னப் போட்டுக் கேட்டுக்கினே இருக்காரு. இதோ நிக்கிறியே!"

"அது மழைண்ணே."

"எல்லாருக்கும் நிக்கிது, உனக்கு மட்டும் எப்படி நிக்காம போவும்? வேல செய்ய உடம்பு வணங்கல, அதச் சொல்லு. ஏ மலரு, நீ சொல்லு. இவளோட ஜோடி நீதான? உனக்கு நின்னுச்சா இல்லியா?"

பாக்கியம் நிமிர்ந்து மலர்கொடியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். எனக்குத் தெரியும்ணே, பாவம்ணே அவ, தையிலயே எங்கிட்ட வந்து அழுதாண்ணே. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மலர்கொடி கப்பில் மிச்சமிருந்த டீயைத் தரையில் ஊற்றினாள். "எனக்கு நின்னு ஒண்ணர வருஷம் ஆவுதுண்ணே," என்றாள். "இவளும் நின்னுடுச்சின்னுதான் எங்கிட்ட சொன்னா. வேற எனக்கு ஒண்ணும் தெரியாது."

பாக்கியத்துக்கு அடிவயிற்று வலிகூட ஒரு நிமிஷம் மரத்துப்போயிற்று. "அக்கா!" என்றாள். பதினாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்ட சொல் அது. இப்போது அவளுக்கே கூசியது.

"போதும்," என்றார் கலியமூர்த்தி. "தூரத்தோட பாத்தியில எறங்கக்கூடாது, அது உனக்கே தெரியும். மேட்டுல வேல இல்ல, அது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போ. முழுசா நின்னப்புறம் வா, பாக்கலாம்." சீட்டை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார். பெண்கள் ஒருத்திக்குப்பின் ஒருத்தியாக எழுந்து சட்டியை எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் நடந்தார்கள். செல்லம்மாள் மட்டும் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

பாக்கியம் சும்மாட்டுத் துணியையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டாள். ரோட்டுக்கு நடக்க வேண்டும், பஸ் ஏற வேண்டும். இந்தத் துணியோடு முடியாது. கால்வாய்க் கரை வரைக்கும் போய் வர உடம்பில் தெம்பில்லை. இனிமேல் யாருக்கு ஒளிக்க? கொட்டகைக்குப் பின்னால் இருந்த சீமைக் கருவேலங்காட்டுக்குள் நுழைந்தாள். நாலு மாதத்தில் அந்தப் பக்கம் அவள் கால் வைத்ததில்லை.

முள்ளுக்கு நடுவே கொஞ்சம் வெட்டவெளி. துணியை மாற்றிக்கொண்டு, தூக்குவாளி மூடியால் மண்ணைத் தோண்டினாள். பொலபொலவென்று வந்தது, யாரோ புதிதாகத் தோண்டி மூடிய மண் போல. ஒரு சாண்கூடப் போகவில்லை, மூடியில் துணி மாட்டியது. இழுத்தாள். கிளிப்பச்சை. மண் ஒட்டிக்கொண்டு, நடுவில் ரத்தம் இன்னும் காயாமல் இருந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியபடியே இருந்தாள். அந்தப் பச்சையில் ஜரிகை போட்ட புடவை உப்பளம் முழுக்க ஒன்றே ஒன்றுதான்.

எழுந்தாள். முள் சட்டையைக் கிழித்தது. காட்டு ஓரத்துக்கு வந்து நின்றபோது மலர்கொடி சட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். இருபது அடிகூட இருக்காது. முதலில் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கையில் தொங்கியதைப் பார்த்தாள். கால் தடுக்கி நின்றாள். சட்டி சாய்ந்து ஒரு கை உப்பு அவள் தோளில் கொட்டியது.

"இன்னா மலரு, அங்க இன்னா வேடிக்க? நட, நட!" என்று மேட்டிலிருந்து கலியமூர்த்தி குரல் கொடுத்தார்.

பாக்கியத்தின் கை தானாக உயர்ந்தது. பக்கத்து முள்கிளையில் மாட்டிவிட்டால் போதும், மேட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும். மலர்கொடி இடது கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது யாருக்கும் தெரியக்கூடாதென்று உடனே கையை எடுத்துச் சட்டியைப் பிடித்தாள். பிறகு, தொடையை இறுக்கிக்கொண்டு, பாதத்தைத் தரையில் தேய்த்தாற்போல் வைத்து நடந்துபோனாள். பாக்கியத்துக்கு அந்த நடை தெரியும். காலையிலிருந்து தானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லாரும் ஈரம், எல்லாரும் முழங்கால் வரைக்கும் உப்பு. இத்தனைக்கும் பாத்தியில் உப்பு வெள்ளை மாறாமல் பூத்துக் கிடந்தது. வெயிலில் கண் கூசியது.

பாக்கியம் திரும்ப முள்ளுக்குள் வந்தாள். ஜரிகைத் துண்டை எடுத்த குழியிலேயே போட்டு மண்ணைத் தள்ளி மூடினாள். தன்னுடையதற்கு வேறு இடம் வேண்டும். இரண்டடி தள்ளி மூடியால் தோண்டினாள். கிளிப்பச்சை, கரையில்லாதது. மறுபடி மூடினாள். காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, ஒரு முள்மரத்தடியில் உட்கார்ந்து தோண்டினாள்.

அங்கேயும் பச்சை.